பழைய செயின்சா: கார்புரேட்டர் திருகைத் தொடுவதற்கு முன்

பழுதுபார்க்க வரும் பழைய செயின்சாக்கள் (மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பங்கள்) பலவற்றில், பட்டறைக்கு வரும் முன்பே யாரோ ஒருவர் கார்புரேட்டர் திருகுகளைத் திருகிப் பார்த்திருப்பார். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரத்தில் திருகு தானாக இடம் மாறுவது அரிது. எனவே முதலில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரையும், டேங்கினுள் குழாய் முனையில் இருக்கும் சிறு ஃபில்டரையும், ஸ்பார்க் பிளக்கையும், சைலன்சர் வாயில் கரி அடைத்த வலையையும் பாருங்கள். பாதி இயந்திரங்கள் இத்துடனே சரியாகிவிடும் என்பது என் கணிப்பு.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். தன்னிடமுள்ள ஆக்சிஜனால் கலவையைச் சற்று மெலிதாகவும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைவானதாகவும், ஆக்கும். ஆகவே வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பது நல்லது.

செயின்சாவை எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோல் போவதற்குக் காரணம், கார்புரேட்டரில் மிதவைக்குப் பதிலாக உள்ள டயாபிரம் எனும் மெல்லிய சவ்வுகள். கிராங்க் அறையின் அழுத்த மாற்றம் ஒரு டயாபிரத்தை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. மற்றொன்று ஊசி வால்வைத் திறந்து மூடி அளவைக் கட்டுப்படுத்துகிறது. விரலால் அழுத்தும்போது இவை அப்பளம்போல் விறைத்துச் சடசடத்தால் ரிப்பேர் கிட் மாற்றியே ஆக வேண்டும். கழற்றும்போதே கேஸ்கெட், டயாபிரம் ஆகியவற்றின் வரிசையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். டயாபிரம் உள்ளே இருக்கும்போது காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், கிழிந்துவிடும்.

இதற்குப் பிறகும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை அழுத்தாதபோது ஓடும் வேகம்) ஏறி இறங்கினாலோ, ஆக்ஸிலேட்டரை விட்ட பின்னும் வேகம் உடனே தணியாவிட்டாலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட ரப்பர் குழாயிலோ கிராங்க் ஆயில் சீலிலோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கசிவை வைத்துக்கொண்டு திருகைச் சரிசெய்பவர் நாளை மீண்டும் திருகத்தான் போகிறார்.

டியூனிங்கைத் திறந்தவெளியில், பாரும் (செயின் ஓடும் நீண்ட தகடு) கூர்மையான செயினும் பூட்டிய நிலையில், இயந்திரம் சூடான பின் செய்யுங்கள். பல மாதிரிகளில் குறைந்த வேகத்துக்கான L, முழு வேகத்துக்கான H ஆகிய இரு திருகுகளையும் மெதுவாக, அழுத்தாமல், இறுதிவரை மூடி, ஒரு சுற்று திறப்பது தொடக்க நிலை. உங்கள் மாதிரிக்கான கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. L திருகில் ஐடிலிங் உச்சமடையும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து சற்று இடப்புறம் திறந்தால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது தடுமாறாமல் எழும்பும். ஐடிலிங்கில் செயின் அசையவே கூடாது. அசைந்தால் LA அல்லது T எனக் குறித்த திருகைக் குறையுங்கள், அதன் பின்னும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

H திருகில்தான் இயந்திரங்கள் சாகின்றன. அதை வலப்புறம் மூட மூடச் சத்தம் கூர்மையாகி, வேகம் கூடியதுபோல் தோன்றும். சிலர் அதையே கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஆனால் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். மரத்தில் வைக்காமல் சில விநாடிகள் முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் சற்றுத் தடுமாறி முரட்டுத்தனமாக ஒலிக்க வேண்டும். அறுக்கத் தொடங்கியதும் அது தெளிந்துவிட வேண்டும். காதை நம்பாதவர்கள் சுழல் வேகம் காட்டும் டாக்கோமீட்டர் வைத்து, கையேட்டிலுள்ள அதிகபட்ச வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆயில் கலப்பிலும் கையேடு சொல்வதே கணக்கு: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி.

ஏற்கெனவே கூர்மையான சத்தத்தோடு நீண்ட காலம் ஓடிய இயந்திரமென்றால், டியூனிங்கிற்கு முன் சைலன்சரைக் கழற்றி, வெளியேற்றத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல்கள் தெரிந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு, சிலிண்டரைக் கழற்றும் வேலையைத் தொடங்குங்கள்.