பூனை ஏன் தாவுகிறது?

கட்டளைகள் எழுதிய கட்டைகளைப் பொருத்திக் குழந்தைகள் கணினி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் தளத்தைப் பிரவுசரில் திறந்து, புதிய நிரல் ஒன்றைத் தொடங்கினால் வெள்ளை மேடையின் நடுவில் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை நிற்கும். ‘10 அடி நகர்’ (அடி என்பது இங்கே மேடையில் ஒரு புள்ளியளவு) என்ற கட்டைகள் இருபதை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி ஓடவிடுங்கள். பூனை நடக்காது, இமைப்பதற்குள் 200 அடி தள்ளிப் போய் நிற்கும். அதே கட்டை ஒன்றை ‘20 முறை திரும்பச் செய்’ என்ற கட்டையின் வாய்க்குள் வைத்தாலோ, அது நகர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். கணக்கு ஒன்றுதான், காட்சி வேறு.

மேடை நொடிக்கு 30 முறை புதிதாக வரையப்படுகிறது. வெறுமனே அடுக்கிய கட்டைகள் இரண்டு வரைதல்களுக்கு இடையில் ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிடும். திரும்பச் செய்யும் கட்டை அப்படியில்லை. பூனையை நகர்த்திய ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சற்று நின்று, திரை வரையப்படுவதற்கு வழிவிடுகிறது. இருபது சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் நொடி பிடிக்கும். அந்த இடைவெளியில் மற்றப் பாத்திரங்களின் கட்டைகளும் முறைவைத்து ஓடுவதால், பூனையும் பந்தும் ஒரே நேரத்தில் அசைவதுபோல் தோன்றுகிறது. கல்லூரியில் தலைசுற்ற வைக்கும் பாடம் இது; குழந்தைகள் பெயர் தெரியாமலேயே இதைக் கையாளுகிறார்கள்.

கட்டைகளின் வடிவம்தான் இலக்கணம். நிபந்தனைக்கு அறுகோணப் பள்ளம், எண்ணுக்கு வட்ட முனைப் பள்ளம். எண்ணை நிபந்தனையின் இடத்தில் திணிக்க முடியாது. நிரலைத் தட்டச்சு செய்யும் மொழிகளில்போல் அரைப்புள்ளியை மறந்து அவதிப்படும் வேலையும் இல்லை. ஆனால், எழுத்துப்பிழை ஒழிந்ததே தவிர எண்ணப்பிழை ஒழியவில்லை. என்னைக் கேட்டால், அதுவே இந்தக் கருவியின் பெரிய வசதி.

குழந்தைகளை முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். பேனாவைக் கீழிறக்கி, ‘100 அடி நகர், 60 பாகை திரும்பு’ என்பதை மூன்று முறை செய்யச் சொல்வார்கள். முக்கோணத்தின் கோணம் 60 ஆயிற்றே! பூனையோ பாதி அறுகோணத்தை வரைந்துவிட்டு நின்றுவிடும். சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது. பூனையின் இடத்தில் தானே நின்று நடந்து பார்க்கும் குழந்தைக்கு விடை கிடைக்கும்: திரும்ப வேண்டியது உள்கோணம் அன்று, வெளிக்கோணம், அதாவது 120.

உடம்பால் யோசிக்கும் இந்த வழி பழையது. 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழி, பின்னர் ஓர் ஆமையைக் கொண்டு இதையே செய்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், 2013இல் பிரவுசருக்குள் வந்தது.

இப்படி ஒரு பலகோணத்தை ஒருமுறை சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து, தொடங்கிய திசையை நோக்கி நிற்கும்போது பூனை மொத்தம் 360 பாகை திரும்பியிருக்கும். ஐங்கோணம் என்றால் ஐந்து முறை 72. அடியை 10ஆகக் குறைத்து, 36 முறை 10 பாகை திரும்பச் சொன்னால், மூலைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம்.