வைட்டமின்: உயிர்ச்சத்து என்ற பெயரும் தன்னுடல் தாக்குநோயும்

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே வீட்டில் யாராவது ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "உனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கு. நல்ல வைட்டமின் மாத்திரையா வாங்கிப் போடு." அன்பில் குறையில்லை. ஆனால் 'எதிர்ப்புச் சக்தி', 'வைட்டமின்' என்ற இரண்டு சொற்களும் அங்கே தவறான பொருளில் நிற்கின்றன.

முதலில் வைட்டமின். 1912இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் இருந்த போலந்து நாட்டு உயிர்வேதியியலாளர் கசிமிர் ஃபங்க் உண்டாக்கிய சொல் இது. தீட்டிய அரிசியையே தின்று பெரிபெரி போன்ற நரம்பு நோயில் விழுந்த புறாக்கள், தவிட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளால் தேறின. அது நைட்ரஜன் உள்ள அமைன் வகைப் பொருள் என்று அவர் கருதினார். லத்தீனில் உயிரைக் குறிக்கும் 'வீட்டா'வோடு 'அமைன்' சேர்ந்து 'வைட்டமைன்' ஆனது. பிறகு வந்தவை எல்லாம் அமைன்கள் அல்ல. வைட்டமின் சி-யில் நைட்ரஜனே கிடையாது. அதனால் 1920இல் ஜாக் டிரம்மண்ட் என்ற ஆங்கிலேயர் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான 'e'-ஐ வெட்டி, ஏ, பி, சி என்று பெயரிடும் வழக்கத்தையும் முன்மொழிந்தார். அந்த எழுத்து பிழைத்திருந்தால் நாமும் இன்று 'வைட்டமைன்' என்றுதான் எழுதிக்கொண்டிருப்போம்.

தமிழில் 'உயிர்ச்சத்து' என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் 'விற்றமின்'. உயிர்ச்சத்து நல்ல ஆக்கம். மூலச் சொல்லில் இருந்த அமைன் என்ற பிழை இதில் இல்லை. எனக்கு உறுத்துவது 'சத்து'தான். சத்துமாவு, சத்து டானிக் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, சத்து என்றால் தெம்பு. கூடக் கூட நல்லது. வைட்டமின் எரிபொருள் அல்ல. உடலின் வேதிவினைகளுக்குத் துளியளவு துணை செய்யும் பொருள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு.

அடுத்தது எதிர்ப்புச் சக்தி. முடக்குவாதம் போன்றவற்றை ஆங்கிலத்தில் 'ஆட்டோஇம்யூன்' நோய் என்பார்கள். 'ஆட்டோ' கிரேக்கம், 'தான்' என்று பொருள். 'இம்யூன்' லத்தீன் 'இம்யூனிஸ்' என்பதிலிருந்து வந்தது. வரியிலிருந்தும் ஊர்க் கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவரை ரோமர்கள் அப்படி அழைத்தார்கள். நம் கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி'யைத்தான் இதற்கு உறவு சொல்லத் தோன்றுகிறது. 'இம்யூனிட்டி'யை இலங்கைத் தமிழில் 'நிர்ப்பீடனம்' என்பார்கள். வடமொழிச் சொல்லானாலும் பொருள் துல்லியம்: பீடை அண்டாத நிலை. தமிழ்நாட்டில் 'நோய் எதிர்ப்பாற்றல்' நிலைத்துவிட்டது. ஆற்றல், சக்தி என்று பெயர் வைத்தபின், நோய் வந்தாலே சக்தி குறைந்துவிட்டது என்று நினைப்பது இயல்புதானே?

இந்த வகை நோயில் நடப்பது வேறு. எதிர்ப்பாற்றல் தன் உடலையே அயலான் என்று எண்ணித் தாக்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வை, முதல் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் செல்களை. 'தன்னெதிர்ப்பு நோய்', 'சுய எதிர்ப்பு நோய்' என்றும் எழுதுகிறார்கள். 'தன்னுடல் தாக்குநோய்' என்பதே என் தேர்வு. யார் யாரைத் தாக்குகிறார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

உயிர்ச்சத்தும் தன்னுடல் தாக்குநோயும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. 'பெர்னிஷியஸ் அனீமியா' என்ற கொடுஞ்சோகை. ஒரு காலத்தில் அது வந்தால் சாவுதான். 1926இல் பாஸ்டனைச் சேர்ந்த மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், தினமும் நிறைய ஈரல் தின்ன வைத்தால் நோயாளிகள் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். விப்பிள் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்த்து 1934இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த மருந்து பி12 என்பது 1948இல்தான் தெரிந்தது. சோகையின் வேரோ இரைப்பையில் இருந்தது. பி12ஐக் குடல் உறிஞ்ச, இரைப்பைச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அந்தச் செல்களையும் புரதத்தையும் தாக்குகின்றன. ஆக, சத்துக் குறைவால் நோய் வரவில்லை. நோயால் சத்துக் குறைகிறது. ஈரலும் முட்டையும் வழக்கமான அளவில் சாப்பிட்டுப் பயனில்லை. ஊசியாகவோ மிக அதிக அளவு மாத்திரையாகவோ கொடுக்க வேண்டும். அப்போதும் சோகை தீருமே தவிர, இரைப்பை மீதான தாக்குதல் நிற்காது.

வைட்டமின் டி கதை கொஞ்சம் நம்பிக்கை தருவது. தோலில் வெயில் பட்டு உருவாவதால் அதை ஹார்மோன் என்றே சொல்லலாம். எதிர்ப்பு அணுக்களிலும் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வில், தினம் 2,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் பன்னாட்டு அலகு) டி எடுத்தவர்களில் 123 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 155 பேருக்கும் ஐந்தாண்டுகளில் புதிதாகத் தன்னுடல் தாக்குநோய் உறுதியானது. 22 சதவீதக் குறைவு. மாத்திரையை நிறுத்திய இரண்டாண்டுகளில் அந்தப் பயன் மங்கிவிட்டது. இது நோய் வராமல் காப்பது பற்றிய ஆய்வு. வந்த நோயைக் குணமாக்குவது பற்றியது அல்ல. 'டி நல்லதாமே' என்று டாக்டரைக் கேட்காமல் அள்ளிப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

முடி கொட்டுகிறதே என்று பலர் எடுக்கும் பயோட்டினும் ஒரு பி வைட்டமின்தான். அதிக அளவில் எடுத்தால் சில தைராய்டு ரத்தப் பரிசோதனைகளின் முடிவைக் கலைத்துவிடும். 'கிரேவ்ஸ்' என்ற தன்னுடல் தாக்குநோய் இருப்பதுபோலவே அறிக்கை வரலாம். ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஃபோலிக் அமிலம். லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. கீரையிலிருந்து பிரித்ததால் அந்தப் பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் லெடர்லி ஆய்வகக் குழு 1945இல் இதைச் செயற்கையாக உருவாக்கியது. அதே குழு, இந்த வைட்டமினைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் செய்தது. அவற்றில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட். முதலில் புற்றுநோய்க்கு, பிறகு முடக்குவாதத்துக்கு. அதனால் இன்றைய முடக்குவாத நோயாளியின் மருந்துப் பையில் வைட்டமினும் இருக்கும், அந்த வைட்டமினின் எதிரியும் இருக்கும். எதிரி மருந்து வாரத்துக்கு ஒருமுறை. அதன் பக்கவிளைவைத் தணிக்க ஃபோலிக் அமிலம் பெரும்பாலும் வேறு நாளில். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்பதோடு நிறுத்தாமல் 'ஞாயிறு மட்டும்' என்று கிழமையையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.