இமேஜிங் சர்வரை மாற்றிய பின் நெட்வொர்க் பூட் நின்றுபோனால், பழைய முகவரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

பழைய இமேஜிங் சர்வரை (இயங்குதளத்தின் ஆயத்த நகல்களான இமேஜ்களை நெட்வொர்க் வழியாகக் கணினிகளுக்கு வழங்கும் சர்வரை) ஓய்வுபெறச் செய்து, அதன் இடத்தில் புதியதை நிறுவி, இமேஜ்கள் அனைத்தையும் நகலெடுத்து, எல்லா சர்வீஸ்களும் ஓடுவதை உறுதிசெய்த பிறகும், கிளையன்ட் கணினிகள் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆக மறுப்பது எங்கள் தொழிலில் அடிக்கடி வரும் புகார். அப்போது பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், புதிய சர்வரை மீண்டும் ஒருமுறை நிறுவிப் பார்ப்பதுதான். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் வீண் உழைப்பாகவே முடிகிறது. கோளாறு பொதுவாகப் புதிய சர்வரில் இருப்பதில்லை. பழைய சர்வரின் முகவரியும், அதற்கென்று செய்யப்பட்ட விதிவிலக்குகளும் நெட்வொர்க்கின் வேறு வேறு மூலைகளில் இன்னும் உயிரோடு இருப்பதுதான் காரணமாகிறது.

பிஎக்ஸ்இ முறையில், அதாவது நெட்வொர்க் வழியாக, பூட் ஆகும் கணினி முதலில் டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் நெறிமுறை) டிஸ்கவர் செய்தியை யூடிபி 67-ஆம் போர்ட்டுக்கு பிராட்காஸ்ட் செய்கிறது. அச்செய்தியில் ஆப்ஷன் எனப்படும் எண்ணிட்ட தகவல் புலங்கள் உண்டு; ஆப்ஷன் 60-இல் தான் ஒரு பிஎக்ஸ்இ கிளையன்ட் என்பதையும், ஆப்ஷன் 93-இல் தன் ஃபர்ம்வேர் (கணினியை முதலில் துவக்கும் உள்ளமைந்த மென்பொருள்) பழைய பயாஸா, புதிய யூஇஎஃப்ஐயா என எந்த வகை என்பதையும் அது சொல்லிவிடுகிறது. பதிலாக ஓர் ஐபி முகவரியும், பூட் சர்வரின் முகவரியும், இறக்க வேண்டிய கோப்பின் பெயரும் கிடைக்க வேண்டும். அதன்பின் யூடிபி 69 வழியாக, டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை மூலம், பூட் லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) இறங்கும். லோடர் தன் பங்குக்கு எச்டிடிபி வழியாகவோ டிஎஃப்டிபி வழியாகவோ கெர்னலைக் கொண்டுவரும். இமேஜ் கடைசியில்தான் வரும். இவற்றில் முதல் கட்டம் பல இடங்களில் இமேஜிங் சர்வரின் வேலையே அல்ல. டிஎச்சிபி சர்வரும், விலான்களுக்கு (நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் பகுதிகளுக்கு) இடையே செய்தியைக் கடத்தும் ரவுட்டரும் சேர்ந்து செய்வது. இமேஜிங் சர்வரை மட்டும் மாற்றியவர் இந்த இரண்டையும் தொட்டிருக்க மாட்டார்.

ஆகவே எங்கே தேடுவது என்பதைத் திரையில் தெரியும் பிழைக் குறியே ஏறத்தாழ முடிவு செய்து கொடுத்துவிடுகிறது. பயாஸ் கணினியில் பிஎக்ஸ்இ-இ51 என்று வந்தால் டிஎச்சிபி பதிலே வரவில்லை என்று பொருள். இ53 என்றால் ஐபி முகவரி கிடைத்திருக்கிறது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் பெயரும் கிடைத்துவிட்டது, டிஎஃப்டிபி சர்வர் பதில் தரவில்லை. டி01 என்றால் சர்வர் பேசுகிறது, கேட்ட கோப்புதான் அங்கே இல்லை. இ32-க்கும் டி01-க்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்காமல் இரண்டையும் 'டிஎஃப்டிபி கோளாறு' என்று ஒரே பெயரில் டிக்கெட்டில் எழுதிவிடுவதால்தான் பல மணி நேரம் வீணாகிறது. முன்னது ஃபயர்வாலையோ தவறான முகவரியையோ காட்டுகிறது, பின்னது வெறும் கோப்புப் பாதைச் சிக்கல். யூஇஎஃப்ஐ கணினிகள் இவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. ஐபிவி4 வழியாக பிஎக்ஸ்இ தொடங்குகிறது என்று ஒரு வரி வந்து, அடுத்த நொடியே பூட் மெனுவுக்குத் திரும்பிவிடும். இடையில் இ16, இ18, இ23 போன்ற குறிகளில் ஒன்று மின்னி மறைந்திருக்கலாம். கைப்பேசியில் திரையை வீடியோ எடுத்து, காட்சி காட்சியாக நிறுத்திப் பார்ப்பதுதான் இதற்கு எளிய வழி.

இனி பழைய முகவரி ஒளிந்திருக்கும் இடங்கள். முதல் சந்தேகம், பூட் சர்வரின் முகவரியையும் கோப்பின் பெயரையும் தரும் டிஎச்சிபி ஆப்ஷன் 66, 67 மீது விழ வேண்டும். விண்டோஸ் டிஎச்சிபியில் இந்த ஆப்ஷன்களை சர்வர் மட்டத்திலும், ஸ்கோப் (ஒரு சப்நெட்டுக்கான முகவரித் தொகுதி) மட்டத்திலும், தனித்தனி ரிசர்வேஷன் (ஒரு கணினிக்கென்றே ஒதுக்கிய முகவரி) மட்டத்திலும் வைக்க முடியும். ரிசர்வேஷனில் உள்ளது ஸ்கோப்பை வெல்லும், ஸ்கோப்பில் உள்ளது சர்வரை வெல்லும். சர்வர் மட்டத்தில் புதிய முகவரியை எழுதிவிட்டு, என்றோ யாரோ ஒரு ஸ்கோப்பில் எழுதி வைத்த பழைய முகவரியை மறந்துவிட்டால், மாற்றியது செல்லாமலே போகும். லினக்ஸ் டிஎச்சிபியிலும் பொதுப் பகுதிக்கும் சப்நெட் பகுதிக்கும் இதே உறவுதான். தவிர, பூட் சர்வரின் முகவரி டிஎச்சிபி பாக்கெட்டில் இரண்டு இடங்களில் வரலாம்: ஒன்று 'அடுத்த சர்வர்' என்ற தலைப்புப் புலம், மற்றது ஆப்ஷன் 66. சில ஃபர்ம்வேர்கள் முதலாவதைப் படிக்கின்றன, சில இரண்டாவதை. இரண்டும் வெவ்வேறு முகவரிகளைச் சொன்னால், ஒரே அறையில் ஒரு மாடல் கணினி பூட் ஆகும், இன்னொரு மாடல் ஆகாது.

அடுத்தது ரவுட்டரிலோ லேயர் 3 ஸ்விட்சிலோ ஒவ்வொரு விலானுக்கும் தனியாக எழுதப்பட்டிருக்கும் ஹெல்ப்பர் முகவரி, அதாவது டிஎச்சிபி செய்திகளை எந்த சர்வருக்குக் கடத்த வேண்டும் என்ற குறிப்பு. ஒரு மாடியில் எல்லாம் ஓடுகிறது, அடுத்த மாடியில் ஒன்றும் ஓடவில்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

மூன்றாவது இடம் பலர் எதிர்பார்க்காதது: புதிய சர்வரின் உள்ளேயே. ஃபாக் போன்ற இமேஜிங் மென்பொருளில் டிஎஃப்டிபி கோப்புறையில் உள்ள, ஐபிஎக்ஸ்இ என்ற பூட் லோடருக்கான ஒரு சிறு ஸ்கிரிப்டில் வெப் சர்வரின் ஐபி முகவரி நேரடியாக எழுதப்பட்டிருக்கும். டேட்டாபேஸிலும் டிஎஃப்டிபி சர்வர், வெப் சர்வர், இமேஜ்களை வைத்திருக்கும் ஸ்டோரேஜ் நோடு ஆகியவற்றின் முகவரிகள் தனித்தனியே இருக்கும். பழைய டேட்டாபேஸைப் பேக்கப்பிலிருந்து மீட்டவுடன் பழைய முகவரிகளும் கூடவே குடிவந்துவிடும். லோடர் நன்றாக இறங்கி, ஐபி முகவரியும் பெற்று, அதன்பின் எச்டிடிபி இணைப்பில் நேரம் கடந்துபோய் நிற்பது இதன் அடையாளம். மெனு வரை வந்து, இமேஜை இறக்கும்போது மட்டும் நின்றால் ஸ்டோரேஜ் நோடின் முகவரியைத் திறந்து பாருங்கள்.

பழைய ஐபி முகவரியையே புதிய சர்வருக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் இல்லை என்று சொல்வோர் உண்டு. பெரும்பாலும் உண்மைதான். ஆயினும், ஐபி முகவரி ஒன்றாக இருந்தாலும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) மாறிவிடுகிறது; சிஸ்கோ ஐஓஎஸ் ரவுட்டர்களில் ஏஆர்பி பதிவு (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற குறிப்பு) இயல்பாக 4 மணி நேரம் இருக்கும். புதிய சர்வர் தன் வருகையை அறிவிக்கும் செய்தி ரவுட்டருக்குப் போய்ச் சேரவில்லையென்றால், அதே விலானில் உள்ள கணினிகள் பூட் ஆகும், வேறு விலான்களில் உள்ளவை ஆகா. அந்த ஒரு பதிவை அழித்தால் போதும்.

தனியே சொல்ல வேண்டிய ஒன்று ஆப்ஷன் 60. மைக்ரோசாஃப்டின் இமேஜிங் சர்வீஸான விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸும் டிஎச்சிபியும் ஒரே கணினியில் ஓடும்போது, இரண்டும் 67-ஆம் போர்ட்டுக்குப் போட்டியிடாமல் இருக்க, டிஎச்சிபியில் ஆப்ஷன் 60-இல் பிஎக்ஸ்இ கிளையன்ட் என்ற மதிப்பை வைப்பது வழக்கம். பின்னர் இமேஜிங் வேலை மட்டும் தனிக் கணினிக்கு இடம்பெயர்கிறது. அந்த ஆப்ஷனை யாரும் நீக்குவதில்லை. அத்தகைய ஓர் இடத்தில் எடுத்த பாக்கெட் பதிவு இப்படி இருந்தது: கிளையன்ட் டிஸ்கவர் அனுப்புகிறது, டிஎச்சிபி சர்வர் ஆஃபர் தருகிறது, முகவரி உறுதியாகிறது, உடனே கிளையன்ட், புதிய இமேஜிங் சர்வரை அணுகாமல், டிஎச்சிபி சர்வரின் 4011-ஆம் போர்ட்டுக்கே அடுத்த கேள்வியை அனுப்புகிறது. அங்கே கேட்பதற்கு எந்த சர்வீஸும் இல்லாததால், 'போர்ட் எட்டவில்லை' என்ற ஐசிஎம்பி பதில் திரும்புகிறது. மீண்டும் அதே கேள்வி, மீண்டும் அதே பதில். 'நானே பூட் சர்வரும்' என்று டிஎச்சிபி பொய் சொல்வதைக் கிளையன்ட் அப்படியே நம்பியதுதான் நடந்தது. ஆப்ஷன் 60-ஐ நீக்கியதும் எல்லாக் கணினிகளும் பூட் ஆயின. புதிய சர்வரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கோப்பின் பெயர் விஷயத்தில் பயாஸ், யூஇஎஃப்ஐ வேறுபாடு முக்கியம். ஆப்ஷன் 67-இல் ஒரே ஒரு பெயரைத்தான் எழுத முடியும். பயாஸுக்கான லோடரை யூஇஎஃப்ஐ கணினி இயக்காது, மறுதலையும் அப்படியே. ஆப்ஷன் 93-இன் மதிப்பு 0 என்றால் பயாஸ். 64 பிட் யூஇஎஃப்ஐ கணினிகள் நடைமுறையில் 7 அல்லது 9 என்று சொல்கின்றன. இதைப் பார்த்துப் பெயரைப் பிரித்துக் கொடுக்கும் டிஎச்சிபி பாலிசிகள் இருந்தால், அவற்றுக்குள்ளும் பழைய சர்வரின் முகவரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியிருந்தால், பாதையில் உள்ள பின்சாய்கோடுகளும், ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் டி01 பிழையாக வந்து நிற்கும். கையொப்பமிடாத லோடரை, யூஇஎஃப்ஐயின் பாதுகாப்பு வசதியான செக்யூர் பூட் தடுக்கும். ஒரு கணினியில் மட்டும் அதை அணைத்துச் சோதித்து, காரணம் உறுதியானதும் திரும்ப இயக்கிவிடுங்கள். எல்லாக் கணினிகளிலும் அணைத்தே வைப்பதை ஒரு தீர்வாக நான் ஏற்பதில்லை.

புதிய சர்வரின் ஃபயர்வாலில் 69-ஐத் திறந்துவிட்டோமே என்று பலர் வாதிடுவார்கள். டிஎஃப்டிபியில் முதல் கேள்வி மட்டுமே 69-க்கு வருகிறது; சர்வர் அதற்குப் பதிலை வேறொரு புதிய போர்ட்டிலிருந்து அனுப்பும், தொடர்ந்து வரும் ஒப்புகைகள் எல்லாம் அந்தப் போர்ட்டுக்கே செல்லும். இடையில் உள்ள ஃபயர்வாலுக்கு டிஎஃப்டிபி புரியவில்லையென்றால், கேள்வி போய்ச் சேர்ந்தும் கோப்பு வராது. சோதனையைச் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்வதில் பயனில்லை. பூட் ஆகாத கணினி இருக்கும் அதே விலானில் ஒரு மடிக்கணினியைச் செருகி, டிஎஃப்டிபி கிளையன்டால் அந்தக் கோப்பை இறக்கிப் பாருங்கள். சிறிய கோப்பு வந்து பெரியது பாதியில் நின்றால், டிஎஃப்டிபி ஒரு தடவைக்கு அனுப்பும் பிளாக்கின் அளவைக் கவனியுங்கள்: எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட்டாக உள்ள நெட்வொர்க்கில் 1468 பைட்டுக்கு மேல் போனால் பாக்கெட் துண்டாகும், சில ஃபர்ம்வேர்கள் துண்டுகளைச் சேர்க்கத் தடுமாறும்.

ஸ்விட்சையும் விட்டுவிடக் கூடாது. டிஎச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதியில்லாத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களைத் தடுக்கும் வசதி) இயங்கும் நெட்வொர்க்கில், டிஎச்சிபி அல்லது ப்ராக்ஸி டிஎச்சிபி (ஐபி தராமல் பூட் விவரம் மட்டும் தருவது) வேலையையும் சேர்த்துச் செய்யும் சர்வர் நம்பகமான போர்ட்டில் இருக்க வேண்டும். பழைய சர்வர் அப்படி ஒரு போர்ட்டில் இருந்திருக்கும். புதியதை ரேக்கில் வசதியான வேறொரு போர்ட்டில் செருகியிருப்பார்கள், அதன் ஆஃபர்களை ஸ்விட்ச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். கிளையன்ட் பக்கத்திலோ ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்சுகளுக்கு இடையே சுழல் உருவாகாமல் தடுக்கும் முறை): வழக்கமான அமைப்பில் போர்ட் உயிர்பெற 30 நொடி ஆகும். ஃபர்ம்வேர் ஐபி பெற்று, ஐபிஎக்ஸ்இ கையேற்றதும் ஐபி கிடைக்காமல் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே, ஏனெனில் லோடர் நெட்வொர்க் கார்டை மறுபடி துவக்கும்போது இணைப்பு ஒருமுறை விழுந்து எழுகிறது. கிளையன்ட் போர்ட்களில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்டை இயக்குங்கள்.

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க் என்ற பாக்கெட் பதிவுக் கருவியில் 67, 68, 69, 4011 ஆகிய போர்ட்களை வடிகட்டி ஒரு பூட் முயற்சியை முழுமையாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. அதில் ஆஃபர் எத்தனை முகவரிகளிலிருந்து வருகிறது என்று எண்ணுங்கள். அணைத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பழைய சர்வர் ஏதோ ஒரு மெய்நிகர் கணினியாக இன்னும் ஓடிக்கொண்டு ப்ராக்ஸி டிஎச்சிபி பதில்களைத் தந்துகொண்டிருந்தால், யார் முந்துகிறார்களோ அவர்கள் சொல்வதைக் கிளையன்ட் கேட்கும். சில சமயம் ஓடுகிறது, சில சமயம் ஓடுவதில்லை என்ற குழப்பமான புகார் அப்படித்தான் பிறக்கிறது.

பழைய சர்வரை உண்மையாகவே அணைத்த பிறகு, இரண்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால், அதன் ஐபி முகவரியைச் சில நாட்களுக்குப் புதிய சர்வரின் இரண்டாவது முகவரியாகச் சேர்த்து, அந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளை மட்டும் பதிவு செய்து வாருங்கள். எந்த விலானிலிருந்து, எந்த போர்ட்டுக்கு இன்னும் கேள்வி வருகிறது என்று பதிவில் தெரியும். 67-க்கு வந்தால் ஹெல்ப்பர் முகவரி, 69-க்கு வந்தால் டிஎச்சிபி ஆப்ஷன், எச்டிடிபி போர்ட்டுக்கு வந்தால் லோடர் ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றாகத் திருத்தி, பதிவு காலியானதும் அந்த இரண்டாவது முகவரியை நீக்கிவிடலாம்.