கால் ஆணிக்கு வேர் கிடையாது

“வேரோட எடுத்துருங்க டாக்டர். போன தடவை எடுத்தவங்க வேரை விட்டுட்டாங்க.”

கால் ஆணியோடு வருகிறவர்கள் பலர் செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். தோல் மருத்துவராக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பெயர் மீதே கோபம். ஆணி என்றால் யாரோ அடித்தது, பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்றுதானே தோன்றும்? நம் ஊரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மருத்துவ நூல்களில் இதற்குள்ள லத்தீன் பெயர் ‘கிளாவஸ்’. அதற்கும் ஆணி என்றுதான் பொருள்.

உள்ளே நடப்பது இதுதான். ஓர் இடத்தில் அழுத்தமும் உராய்வும் விடாமல் இருந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும். மண்வெட்டி பிடிக்கும் கையிலும், சம்மணம் போட்டே பழகியவர்களின் கணுக்காலிலும் பார்த்திருப்பீர்கள். அது காய்ப்பு, பரவலாக இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. அதே அழுத்தம் துவரம்பருப்பு அளவு இடத்தில் மட்டும் விழுந்தால், செத்த தோல் இறுகிப் பம்பரம் போலக் கூம்பாகிறது. கூர் முனை உள்பக்கம். காலை ஊன்றும்போதெல்லாம் அந்த முனை கீழே இருக்கும் நரம்பு நுனிகளைக் குத்துகிறது. இந்தக் கூம்பு வெறும் செத்த தோல்தான். அதில் ரத்தக் குழாயும் இல்லை, வேரும் இல்லை. திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், அழுத்தம் அப்படியே இருப்பதுதான்.

எனவே நான் முதலில் பார்ப்பது நோயாளியின் செருப்பை. அதன் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது, முன்பக்கம் எவ்வளவு குறுகல் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதியைக் கால் சொல்லும். வளைந்த விரலின் முட்டி ஷூவில் இடிக்கும். வயதாக ஆக, முன்பாதத்தில் மெத்தை போல இருக்கும் கொழுப்பு மெலிந்துவிடும். அந்தக் காலோடு வீடெல்லாம் டைல்ஸ் தரையில் வெறுங்காலில் நடந்தால் எலும்பு நேரே தோலை நசுக்கும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்திருந்தார். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறிப்போன புண். சேற்றுப்புண் என்று நினைத்து மூன்று மாதமாகக் களிம்பு போட்டிருக்கிறார். அது ஈர ஆணி. இரண்டு விரல் எலும்புகளும் ஒன்றையொன்று நெருக்கி, வியர்வையில் ஊறுவதால் கெட்டியாகாமல் மெத்தென்று இருக்கும். வலி மட்டும் உயிர் போகும். “எத்தனை மணி நேரம்மா நிக்கிறீங்க?” “காலைல பத்துல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் சார்.” கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அவர் கடையில் ஸ்டூல் இருக்கிறதாம், உட்காரத்தான் நேரம் இல்லையாம். மருந்துச் சீட்டில் இதற்கு நான் என்ன எழுதுவது? விரலிடையில் வைக்க ஒரு சிறு பஞ்சுத் திண்டும், முன்பக்கம் அகலமான செருப்பும் எழுதினேன். ஈரம் போகத் துடைக்கச் சொன்னேன்.

ஆணி என்று வருவதெல்லாம் ஆணியும் இல்லை. பாதத்தில் வரும் மரு அச்சு அசலாக அப்படியே இருக்கும். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் கிள்ளுவது போலப் பிடித்தால் அதிகம் வலிப்பது பெரும்பாலும் மரு. மருவின் மேல் கரும்புள்ளிகள் தெரியலாம், அவை உறைந்த ரத்தக் குழாய்கள். மரு வைரஸால் வருவது, பரவக்கூடியது. வீட்டில் ஒரே பிளேடால் அப்பா தன் ஆணியையும் மகனின் ‘ஆணி’யையும் சீவினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆணி வருவது அரிது. அப்படித் தெரிந்தால் மருதானா என்று பார்க்க வேண்டும். முள் உள்ளே ஒடிந்து தங்கிக் கட்டியாவதும் உண்டு, அது வேறு கதை.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை கால் ஆணியைக் ‘கதரம்’ என்கிறது. அறுத்தெடுத்துச் சுடு எண்ணெயால் பொசுக்கச் சொல்கிறது. பயிற்சிக் காலத்தில் நானும் மரத்துப்போக ஊசி போட்டு, அறுத்து, தையல் போட்டிருக்கிறேன். இப்போது செய்வதில்லை. உள்ளங்காலில் விழும் தழும்பு சில சமயம் ஆணியைவிட மோசமாக வலிக்கும். மேலே இருக்கும் கெட்டித் தோலைச் சீவி நடுக் கூம்பை நோண்டி எடுத்தால் போதும். பத்து நிமிட வேலை, பழகிய கை செய்தால் பெரும்பாலும் ஊசிகூட வேண்டாம். எழுந்து நின்று பார்த்து “அவ்வளவுதானா?” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதே செருப்பில் போனால் சில வாரத்தில் அதே சிரிப்பு இல்லாமல் வருவார்கள்.

வீட்டில் செய்வதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவைத்து, பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் மெதுவாகத் தேயுங்கள். அப்புறம் யூரியா கலந்த கிரீம். மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பில், அதாவது ஆணி மேல் ஒட்டும் மருந்து பிளாஸ்திரியில், இருப்பது பெரும்பாலும் 40% சாலிசிலிக் அமிலம். மருந்துப் பொட்டு ஆணியின் மேல் மட்டும் உட்கார வேண்டும். நகர்ந்தால் பக்கத்து நல்ல தோலும் வெந்துவிடும், ஏனென்றால் அமிலத்துக்கு ஆணி எது, கால் எது என்று தெரியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். எருக்கம்பால், சுண்ணாம்பு, பூண்டு எல்லாம் தோலைப் பொசுக்கும் சமாச்சாரங்கள். தீப்புண்ணோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வீட்டு வைத்தியம் எதுவுமே கூடாது. கார்ன் கேப், பிளேடு, ஊறவைத்தல் எல்லாம் சேர்த்துத்தான். கால் மரத்திருந்தால் வெந்நீரின் சூடே தெரியாது. அறுபதைத் தாண்டிய ஒருவர் “ஆணி இருக்கு, ஆனா வலியே இல்ல” என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேல் தோலைச் சீவியதும் அடியில் சீழ். அவருக்கு ஆணி தானாகச் சரியாகவில்லை, உணர்வுதான் போய்விட்டிருந்தது. புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்புதான் போடுகிறார், வீட்டுக்குள்ளும்.

செருப்பு வாங்கப் போகிறீர்கள் என்றால் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கித் தன் முழு அளவில் இருக்கும். போவதற்கு முன் ஒரு தாளில் வெறுங்காலோடு நின்று, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். வாங்க நினைக்கும் செருப்பை அதன் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஜோடியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். “போடப் போட லூஸாயிடும்” என்பார். நம்பாதீர்கள்.