வியர்வை வழிந்தால் போதாது, காய வேண்டும்

மே மாதத்தில் ஒரே நாளில் வேலூரில் 41 டிகிரி, சென்னையில் 34 டிகிரி என்று செய்தி வரும். உடனே "34தானே, பிள்ளைகள் விளையாடட்டும்" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல், ஏனென்றால் நம் உடம்பு வெயிலைத் தாங்குமா தாங்காதா என்பதை வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வெளியே கிளம்பும் முன் கைபேசியில் வெப்பநிலையைப் பார்க்கும் பலர் அதற்குக் கீழேயே இருக்கும் ஈரப்பத எண்ணைப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

நாம் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே உடம்பு சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஓடினால், கிரிக்கெட் ஆடினால் அது பல மடங்கு கூடும், ஏனென்றால் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகவும் வீச்சாகவும் மாறும், மிச்சமெல்லாம் சூடுதான். இந்தச் சூடு வெளியே போயாக வேண்டும், இல்லையென்றால் உடம்பின் உள்ளே இருக்கும் 37 டிகிரி ஏறத் தொடங்கும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு தானாகவே வெளியேறும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் நிலைமை தலைகீழ்: வெளியிலிருந்து சூடு உள்ளே வரும். அப்போது நமக்கு மிஞ்சுவது வியர்வை மட்டும்தான்.

மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற சிறிய பகுதி ரத்தத்தின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறினால் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பச் சொல்லும், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிடும். ஆனால் வியர்வை வெளியே வருவதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உண்டாகும் 100 வாட்டையும் வியர்வையாலேயே வெளியேற்ற மணிக்கு 150 மில்லி போதும். 500 வாட் வெப்பம் உண்டாகும் அளவுக்கு ஓடி விளையாடினால் முக்கால் லிட்டர் வேண்டும், அதுவும் ஒரு சொட்டுகூடக் கீழே விழாமல் முழுக்க ஆவியானால்.

புழுக்கமான ஊரில் நடப்பது வேறு. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது, வியர்வை ஆவியாக மறுக்கிறது, மூக்கு நுனியில் சொட்டுகிறது, முதுகில் வழிகிறது. சொட்டும் ஒவ்வொரு துளியும் உடம்பு இழந்த நீர், உப்பு. குளிர்ச்சி மட்டும் கிடைக்கவில்லை. இதை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று உண்டு: வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றி, காற்றோட்டத்தில் வைத்தால் அது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். 41 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் அது ஏறக்குறைய 25 டிகிரிக்கு இறங்கும். 34 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 29-க்கு மேல்தான் நிற்கும். ஆவியாதலைப் பொறுத்தவரை "குறைந்த வெயில்" ஊர்தான் உடம்பைக் கூடுதலாகக் கட்டிப்போடுகிறது.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதருக்குக்கூட சூட்டை வெளியேற்ற வழியில்லை என்று 2010-இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹியூபர் என்ற காலநிலை ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். அப்புறம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்தபோது, புழுக்கமான சூழலில் சின்னச் சின்ன வேலை செய்பவர்களுக்கே 31-ஐ ஒட்டி எல்லை வந்துவிட்டது. அதற்காக வேலூர் வெயில் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது, சட்டை நனையாது, திடீரென்று தலை சுற்றும்.

குடும்பமாக வெளியே போகும்போது, வெயிலைத் தாங்கும் திறனில் வேறுபாடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழந்தைகளின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூடான காற்றிலிருந்து வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்வார்கள், பெரியவர்கள் அளவுக்கு வியர்க்கவும் மாட்டார்கள். பாட்டி தாத்தாவுக்கு வியர்வையும் குறைவு, தாக உணர்வும் மங்கியிருக்கும். என் அம்மாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் "தாகமே இல்லப்பா" என்பார், அது உண்மைதான், ஆனால் உடம்புக்குத் தேவை இருக்கிறது, அதனால் கேட்காமலே தம்ளரை நீட்டிவிடுவது நல்லது. (இதய, சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) நீரை வெளியேற்றும் ரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவையும் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது, வெளியே போகும் நேரத்தை மாற்றலாம்.

உடம்பு கற்றுக்கொள்ளும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் நடந்தாலோ விளையாடினாலோ ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாக வரும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும். ஏசி அறையிலேயே இருந்துவிட்டு விடுமுறையின் முதல் நாளே நண்பகலில் நாள் முழுக்க ஆட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். முதல் வாரம் காலை அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கூட்டலாம்.

வெறும் தண்ணீரோடு உப்பும் வேண்டும், நிறைய வியர்த்தால். குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துப் போகிறது, நீர் பின்னாலேயே போகும். ஓ.ஆர்.எஸ். கரைசலின் அடிப்படையே அதுதான், 1971-இல் வங்காள அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அதை வைத்துக் காலராவிலிருந்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். நமக்கு ஒரு மாலை விளையாட்டுக்கு உப்புப் போட்ட நீர்மோரோ, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை சாறோ போதும். நிழலில் இருக்கும்போது ஈரத்துண்டை கழுத்தில் போட்டு விசிறிக்கொண்டால் உடம்பின் நீரைச் செலவழிக்காமலே அதே ஆவியாதல் கிடைக்கும்.

ஒரே ஒரு அறிகுறியை மட்டும் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் இருந்தவர் குழறிப் பேசினால், யார் எங்கே என்று தெரியாமல் தடுமாறினால், அது வெப்பத்தாக்கு. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், வியர்வை நின்றுதான் இருக்க வேண்டும் என்றில்லை, உடம்பு நனைந்தும் இருக்கலாம். 108-ஐ அழையுங்கள், அது வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.