'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி': தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் 19-ஆம் நூற்றாண்டுக்கு வந்ததும் ஒரு தொடரில் வந்து நிற்பார்கள்: மேனிஃபெஸ்ட் டெஸ்டினி. அகராதியைப் புரட்டி இரண்டு சொல்லையும் பெயர்த்துச் சேர்த்தால் 'வெளிப்படையான விதி' என்று வரும். பிழையில்லை. ஆனால் படிக்கிறவருக்கு அது ஒன்றும் சொல்லாது. யாருடைய விதி? யாருக்கு வெளிப்படை?

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அட்லாண்டிக் கரையோரம் தோன்றிய அமெரிக்கா, பசிபிக் கரை வரை பரவியே தீரும். அது கடவுள் வகுத்து வைத்தது. பார்த்தாலே தெரிகிற உண்மை என்பதால் அதை மெய்ப்பிக்கவும் வேண்டியதில்லை. இவ்வளவையும் இரண்டே சொல்லில் அடக்கியதுதான் இந்தத் தொடர்.

பிறந்த ஆண்டு 1845. நியூயார்க்கில் ஜான் ஓ'சல்லிவன் நடத்திய 'டெமாக்ரடிக் ரிவ்யூ' இதழில், டெக்சாஸை அமெரிக்காவோடு சேர்ப்பதை ஆதரித்து வந்த கட்டுரையில் முதலில் தென்பட்டது. கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. ஓ'சல்லிவனே எழுதினார் என்பது பரவலான கருத்து. ஜேன் கேஸ்னோ என்ற பெண் பத்திரிகையாளர் எழுதியது என்று வாதிடுவோரும் உண்டு. அந்தக் கட்டுரையில் தொடரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், பசிபிக் கரையோர ஆரிகன் பகுதி பிரிட்டனுக்கா அமெரிக்காவுக்கா என்ற தகராறு முற்றியிருந்தபோது, ஓ'சல்லிவன் ஒரு நாளிதழில் இந்தத் தொடரை மீண்டும் எழுதினார். முதலில் கண்டவர் யார், முதலில் குடியேறியவர் யார் என்ற வாதங்களையெல்லாம் சிலந்தி வலை என்று தள்ளினார். அவற்றுக்கும் மேலான உரிமை ஒன்று எங்களுக்கு இருக்கிறது என்று இந்தத் தொடரை முன்வைத்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால், பட்டா இல்லாத நிலத்துக்கு அவர் காட்டிய பட்டா இது.

அப்போதே எதிர்ப்பும் எழுந்தது. 1846 ஜனவரியில் மாசசூசெட்ஸ் உறுப்பினர் ராபர்ட் வின்த்ரப், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் இந்தத் தொடரையே எடுத்துவைத்துக் கண்டித்தார். இப்படியோர் உரிமை யாங்கிகளை, அதாவது அமெரிக்கர்களை, தவிர உலகில் வேறு எந்த மக்களுக்கும் ஒப்புக்கொள்ளப்படாது என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; மொழிபெயர்ப்பில் இது உதவும்.

இனி வேர்ச்சொல். லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை. அதிலிருந்து வந்தது 'மனிஃபெஸ்டுஸ்': கையோடு பிடிபட்டது. ரோமானியச் சட்டத்தில் திருட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பொருளும் கையுமாகத் திருடன் சிக்கினால் அது 'மனிஃபெஸ்டும்' வகைத் திருட்டு. திருடியதன் மதிப்பைப்போல் நான்கு மடங்கு அவன் கட்டவேண்டும். அப்படிச் சிக்காமல் பின்னர் தெரியவந்தால் இரண்டு மடங்கு. நாம் 'கையும் களவுமாகப் பிடிபட்டான்' என்கிறோமே, அதே பொருள், அதிலும் அதே கை. வேர்ச்சொல்லை வைத்து வரலாற்றுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பது தெரியும். இருந்தாலும் இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மனம் கனத்தது. 'டெஸ்டினி'யும் லத்தீன் வழிதான்: உறுதிப்படுத்தல், குறித்து வைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது.

தமிழில் இதற்கு 'ஊழ்' பொருந்துமா? 'வெளிப்படை ஊழ்' என்று எழுதத் தோன்றும். ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் நம் மரபில் ஊழ் என்பது அவரவர் வினை அவரவருக்கு முறையாக வந்து சேர்வது. அது கண்ணுக்குத் தெரியாதது. நடந்து முடிந்தபின் 'ஊழ்' என்று ஆறுதல் கொள்கிறோமே தவிர, அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கும் முன்பே யாரும் அதை அறிவிப்பதில்லை. 'வெளிப்படை'யும் 'ஊழு'ம் ஒன்றாக நிற்கவே நிற்காது. அதைவிட, நிலம் இழந்தவர்களுக்கும் அது அவர்கள் வினைப்பயன் என்ற பொருளை இந்தச் சொல் நம்மையறியாமல் கொடுத்துவிடும். அந்த அநீதியைத் தமிழில் நாம் மறுபடி செய்யக்கூடாது.

'விதி' சற்றுத் தேவலை. அதற்கு 'விதித்தல்' என்ற வினை இருக்கிறது. வரி விதிக்கிறார்கள், தடை விதிக்கிறார்கள். விதித்தவர் யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வரலாற்றில் அந்தக் கேள்விக்கு விடையும் உண்டு. தொடர் பிறப்பதற்கு முன்பே, 1830-இல், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பழங்குடிகளை அப்புறப்படுத்த நாடாளுமன்றம் சட்டம் போட்டது. செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதில் 4,000 பேர் வரை இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1846-இல் மெக்சிகோவுடன் போர். 1848 உடன்படிக்கையில், டெக்சாஸையும் சேர்த்தால், மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்குமேல் இழந்தது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த பிறகு, அங்கே ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த பழங்குடி மக்கள் 1870 வாக்கில் 30,000 அளவுக்குக் குறைந்தார்கள். 1862-இல் வந்த சட்டம் மேற்கே குடியேறுபவருக்கு 160 ஏக்கர் தந்தது. யாருடைய நிலத்திலிருந்து என்று அது கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்ற சச்சரவு நாட்டையே பிளந்து 1861-இல் உள்நாட்டுப் போரில் கொண்டுபோய் விட்டது.

தெற்கு டகோட்டா பக்கம் உள்ள பிளாக் ஹில்ஸ் மலைகளின் கதை இன்னும் முடியவில்லை. 1868 லாரமி கோட்டை உடன்படிக்கைப்படி அந்த மலைகள் லகோட்டா என்ற பழங்குடி மக்களுக்குரியவை. 1874-இல் ராணுவக் குழு ஒன்று அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி கொண்டுவந்தது. 1877-இல் சட்டம் போட்டு அரசு மலைகளை எடுத்துக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1980-இல், இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டியோடு சேர்த்து 10 கோடி டாலருக்கும் மேல். லகோட்டா மக்கள் அதைத் தொடவில்லை. மலைகள் விற்பனைக்கு அல்ல என்கிறார்கள். அந்தப் பணம் வட்டி ஏறி 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, அவர்கள் நிலைப்பாடு மாறவில்லை.

ஆகவே தமிழ்ச் சொல்லில் மூன்று செய்திகள் தெரியவேண்டும்: கடவுளின் பெயர் இழுக்கப்பட்டது, 'விதித்தது' என்று சொல்லப்பட்டது, அது வெறும் வாதம். வின்த்ரப் அவையில் எதிர்த்துப் பேசியது ஒரு வாதத்தைத்தான். ஊழை யாரும் அவையில் எதிர்ப்பதில்லை. எனவே என் பரிந்துரை: 'இறைவிதிப்பு வாதம்'. 'மேனிஃபெஸ்ட்' இதில் நேராக வரவில்லை என்ற குறை உண்டு. அது தேவைப்படும் இடத்தில் 'கண்கூடான இறைவிதிப்பு' என்று விரித்துக்கொள்ளலாம். முதல் முறை எழுதும்போது 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி எனப்பட்ட இறைவிதிப்பு வாதம்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவது நல்லது. தேடிப் படிப்பவருக்கு வழி கிடைக்கும்.

சொல்லாட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு: "டெக்சாஸை இணைத்துக்கொள்ள 1845-இல் எழுப்பிய இறைவிதிப்பு வாதத்தை, அதே ஆண்டு முடிவதற்குள் ஆரிகனுக்கும் நீட்டினார்கள்."