பொப்புலேர்: பிரபலமா, மக்களா?

போன வாரம் கைக்கு வந்த ஒரு கண்காட்சிக் கையேட்டில் மறுபடியும் அதே வரி: "காங்கோவின் பிரபல ஓவியர் ஷெரி சம்பா." மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன். அவர் பிரபலமானவர்தான், அதில் சண்டையில்லை. ஆனால் இப்படிப் 'பிரபல' என்று தமிழில் பெயர்க்கப்படும், பிரெஞ்சில் அவருக்கு வழங்கும் 'பொப்புலேர்' என்ற அடைமொழி புகழைச் சொல்லவில்லை.

வேர், 'பொப்புலுஸ்' என்ற இலத்தீன் சொல். மக்கள் என்று பொருள். ஆங்கில 'பாப்புலர்' புகழின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரெஞ்சில் 'சாதாரண சனங்களுடையது' என்ற பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிரெஞ்சையும் ஆங்கிலக் கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறார்கள். சீனாவின் பிரெஞ்சுப் பெயரிலும் இதே சொல்தான். 'சீனப் பிரபலக் குடியரசு' என்றா எழுதுகிறோம்?

சம்பா 1972இல் ஊரைவிட்டுத் தலைநகர் கின்ஷாசாவுக்கு வந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை வரைந்தவர். 1975இல் சொந்தப் பட்டறை போட்டார். பத்திரிகைக்குப் படக்கதையும் வரைந்ததால் அதில் வரும் வசன எழுத்து ஓவியத்துக்குள்ளும் வந்துவிட்டது. தெருவில் போகிறவர் வாசகத்தைப் படிக்க நிற்பார். படித்து முடிக்கும்வரை படத்தையும் பார்த்தாக வேண்டும். நல்ல தந்திரம். 1978இல் கின்ஷாசாவில் நடந்த கண்காட்சியையொட்டி அவரும் மோக்கே முதலான சக ஓவியர்களும் தங்களை 'பொப்புலேர்' என்று சொல்லிக்கொண்டார்கள். பாரிஸின் பெரிய கண்காட்சி சம்பாவை உலகுக்குக் காட்டியது 1989இல்தான். 'பிரபல' என்று பெயர்த்தால், பதினோரு வருடம் முன்பே தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்ட தற்பெருமைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள், பாவம்.

சிலர் 'நாட்டுப்புற ஓவியம்' என்கிறார்கள். இது அசல் நகரத்துச் சரக்கு. 'ஜனரஞ்சகம்' அதைவிட மோசம். ரஞ்சகம் என்றால் மகிழ்விப்பது. சம்பா சிரிக்க வைப்பதோ தலையில் ஒரு குட்டு வைக்கத்தான். 1997இல் வரைந்த 'நம் கலைக்கு என்ன எதிர்காலம்?' வரிசையில், ஒரு மேசையில் பிக்காசோவின் பக்கத்தில் தன்னையே உட்கார வைத்திருக்கிறார். மேசைமேல், பிக்காசோ தன் பாணிக்குக் கடன் வாங்கிய ஆப்பிரிக்க முகமூடிகள். யாரிடமிருந்து யார் எடுத்தது, பெயர் யாருக்குப் போனது என்று அந்த முகமூடிகளே கேட்டுவிடுகின்றன. இதில் ரஞ்சகம் எங்கே வந்தது? அப்புறம் 'வெகுசன'. தப்பில்லை, ஆனால் வாரப் பத்திரிகை வாடை அடிக்கிறது.

'மக்கள் ஓவியம்' என்பதே சரி. ஒரே சிக்கல், 'மக்கள் ஓவியர்' என்றதும் சினிமாக்காரர் பட்டம்போல் ஒலிக்கிறது. அதனால் ஆளைச் சொல்லும்போது மட்டும் 'மக்கள் ஓவிய மரபுக்காரர்' என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.